மருதாணிச் சாற்றை ஆசிட் தொட்டியில் ஊற்றலாமா? 91 சதவீதம் என்கிறது மகளின் ப்ராஜெக்ட்

பட்டறை_கோவை எழுதியது:

வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு ஜிங்க் பிளேட்டிங் (இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாகப் பூச்சு) பட்டறை வைத்திருக்கிறேன். நான், என் மச்சான், இன்னும் ஆறு பேர். போல்ட், வாஷர், கேட் கொக்கி, பம்புசெட் பிராக்கெட் என்று எது வந்தாலும் போட்டுக் கொடுப்போம். பிளேட்டிங்குக்கு முன்னால் துருவையும் கருஞ்செதிலையும் எடுக்க ஆசிட் தொட்டி இரண்டு உண்டு, ஒவ்வொன்றும் 800 லிட்டர். கேனில் வருகிற 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்குச் சரிபாதி தண்ணீர். கூடவே ஹெக்சமின் பொடி, ஆசிட் துருவைத் தின்றுவிட்டு இரும்பையும் தின்னாமல் இருக்க. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கிறாள். ப்ராஜெக்ட்டுக்கு மருதாணி இலையை எடுத்துக்கொண்டாள். இலையை நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி வற்றவைத்தால் கரும்பச்சையாக ஒரு பசை வருகிறது. 100 கிராம் பொடிக்கு 12 கிராம் பசை. அதை லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 1 மோலார் (சுமார் மூன்றரை சதவீத) ஆசிட்டில் கலந்து தகடு போட்டிருக்கிறாள். தகடு நானே வெட்டிக் கொடுத்தது: 5 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 1 மி.மீ. கனம். எமரித் தாளில் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு ஆக்கிவிட்டாள். 30 டிகிரியில் 6 மணி நேரம். வெறும் ஆசிட்டில் கிடந்த தகடு 128 மி.கி. குறைந்தது. சாறு கலந்ததில் 11 மி.கி.தான். 91 சதவீதம் காப்பு என்று எழுதியிருக்கிறாள்.

ஒரு நாள் கல்லூரிக்குப் போனபோது நானே பார்த்தேன். ஒரு பீக்கரில் கோலி சோடா உடைத்த மாதிரி குமிழி. பக்கத்துப் பீக்கரில் தகட்டின் ஓரத்தில் நாலைந்து குமிழி, அதுவும் கிளம்பலாமா வேண்டாமா என்று ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக ஆசிட் தொட்டிமுன் நிற்பவன் நான், அப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை.

எனக்கு மூன்று தொல்லை இருக்கிறது. ஒன்று, புகை. கூரைத் தகடு நாலு வருடத்துக்கு ஒரு முறை ஓட்டை விழுகிறது, பையன்கள் இருமுகிறார்கள். இரண்டு, ஆசிட் மாதக் கடைசிக்குள் செத்துப்போகிறது. மூன்று, சமீபத்தில் ஒருவர் ஸ்பிரிங் கிளிப் 2,000 கொடுத்தார், பிளேட்டிங் முடிந்து போனதில் கொஞ்சம் பூட்டும்போதே முறிந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

என் கணக்கு எளிது. 800 லிட்டருக்கு 960 கிராம் பசை, அதற்கு 8 கிலோ மருதாணிப் பொடி. முடியாத காரியம் இல்லை. ஆனால் மகளே வேண்டாம் என்கிறாள், "அது பீக்கர்ல நடந்த கதைப்பா" என்று. அவள் ப்ராஜெக்ட்டின் கடைசி வரியிலோ தொழிற்சாலைகளில் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. கேட்டால் எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்கள் என்கிறாள். யாராவது நிஜத் தொட்டியில் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா?


ஓசூர்_ராக் எழுதியது:

நான் ஊற்றியிருக்கிறேன் அண்ணே, மருதாணி இல்லை, வேப்பிலை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டுச் செய்தது. இலையை அண்டாவில் கொதிக்கவைத்து வடித்து 500 லிட்டர் தொட்டியில் விட்டேன். குமிழி குறைந்தது உண்மை. ஆனால் மூன்றாம் நாள் தொட்டிச் சுவரில் தண்ணீர்க்கோட்டில் பச்சையாக ஒரு வளையம், தொட்டால் வழவழ. ராக்கை, அதாவது சாமான்களை மாட்டித் தொங்கவிடுகிற சட்டத்தை, தூக்கும்போது ஜாப் (பூச்சுக்கு வந்த சாமான்) அந்த வளையத்தைத் தாண்டித்தானே வெளியே வர வேண்டும்? மேல்வரிசை பிராக்கெட்டில் எல்லாம் மீசை மீசையாகக் கறை, அதன்மேல் ஜிங்க் உட்காரவில்லை. மிச்சச் சாற்றைக் கேனில் மூடி வைத்திருந்தேன், நாலாம் நாள் பூஞ்சை கட்டி நாறியது. அத்தோடு விட்டேன்.


பழைய_கம்பிக்காரன் எழுதியது:

தம்பி, நான் கம்பி இழுக்கும் ஆலையில் பிக்ளிங் பிரிவில், அதாவது ஆசிட்டில் துரு எடுக்கிற இடத்தில், 27 வருடம் இருந்தவன். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது, மூக்கில் ஆசிட் வாடை இன்னும் போகவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தாவரச் சரக்கை ஆசிட்டில் போடுவது புதிதும் இல்லை, பைத்தியக்காரத்தனமும் இல்லை. 1895லேயே பிரிட்டனில் பால்ட்வின் என்பவர் ஆசிட்டில் இரும்புத் தகட்டைக் கழுவும்போது மொலாசஸும் தாவர எண்ணெயும் சேர்க்கலாம் என்று காப்புரிமை எடுத்திருக்கிறார். மொலாசஸ் என்றால் சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற பாகுக் கழிவுதான். அப்புறம் தவிடு, மாவு, வச்சிரம் (தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை) என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த ஃபோர்மேன், இன்ஹிபிட்டர் (ஆசிட் இரும்பைத் தின்னாமல் தடுக்கிற சரக்கு) வர தாமதமானால் வச்சிரத்தைக் கரைத்து ஊற்றச் சொல்வார். வேலை செய்யும். பிண வாடையும் அடிக்கும்.

ஆகவே உங்கள் மகளின் 91 பொய் இல்லை. ஆனால் அந்த 91 எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். பளபளப்பான தகடு, சுத்தமான ஆசிட், 1 மோலார். உங்கள் தொட்டியில் ஆசிட்டின் வீரியம் அதைப்போல நாலு மடங்குக்கு மேல். உங்கள் தொட்டிக்குள் போவது கண்ணாடித் தகடு இல்லை, துருவும் எண்ணெயும் பிடித்த போல்ட். அந்த ஆசிட்டும் சுத்தமானது இல்லை, ஏற்கெனவே லிட்டருக்கு எத்தனையோ கிராம் இரும்பைக் குடித்துவிட்டு நிற்கிறது.

இரும்பை ஆசிட் தின்பதை நிறுத்துவதா உங்கள் பிரச்சினை? கணக்குப் போடுவோம். மகளின் வெறும் ஆசிட்டுத் தகடு மணிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 மி.கி. இழந்திருக்கிறது. உங்கள் தொட்டியில் அது 5 என்றே வையுங்கள். ஒரு பேரல் (சின்னச் சாமான்களைப் போட்டு உருட்டுகிற பீப்பாய்) ஜாப் 10 நிமிடம் கிடந்தால் போவது 1 மைக்ரான் சுமார். அதன்மேல் நீங்கள் போடுகிற ஜிங்க் 8 மைக்ரான். இந்த 1 மைக்ரானுக்கா 8 கிலோ மருதாணி?

அப்படியானால் ஆசிட் ஏன் மாதக் கடைசிக்குள் சாகிறது? தொட்டியின் அடியைப் பாருங்கள். பேரல் கதவிடுக்கில் நழுவியது, ராக்கிலிருந்து விழுந்தது எல்லாம் அங்கே கிடக்கும். மேலே இருக்கிற ஜாப் பத்து நிமிடம் ஆசிட்டில் இருக்கிறது, கீழே விழுந்தது இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஆசிட்டைக் குடிப்பது அதுதான். எங்கள் ஆலையில் சனிக்கிழமைதோறும் கயிற்றில் காந்தம் கட்டி அடியில் துழாவுவோம். நான் எடுத்த ஒரு போல்ட் பென்சில் முனை மாதிரி கூராகியிருந்தது, மரையெல்லாம் கரைந்து தலை மட்டும் பட்டாணி அளவுக்கு. அதை மேசையில் வைத்திருந்தேன், புதிதாகச் சேர்கிற பையன்களுக்குக் காட்ட.

புகைக்கு வருவோம். இன்ஹிபிட்டர் குமிழியைக் குறைக்கும், குமிழி வெடித்துத் தெறிக்கிற சாரல் குறையும், அவ்வளவுதான். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் ஆவி தனி. ஆசிட்டின் வீரியம் கூடக் கூட அது மளமளவென்று ஏறும். பாதிக்குப் பாதி என்பது உங்கள் அப்பா காலத்துக் கணக்கு, நீங்கள் 10, 12 சதவீதத்துக்கு இறங்குங்கள். துரு போக இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகும், கூரை தப்பிக்கும். தொட்டியின்மேல் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டாலும் ஆவி குறையும்.

உங்கள் மூன்றாவது தொல்லைதான் என்னை எழுதவைத்தது. கிளிப் முறிந்தது துருவாலும் இல்லை, தேய்ந்ததாலும் இல்லை. ஆசிட்டில் இரும்பு கரையும்போது பிறக்கிற ஹைட்ரஜன் எல்லாம் குமிழியாக மேலே போய்விடுவதில்லை. ஒரு பங்கு அணுவாகவே எஃகுக்குள் புகுந்துவிடும். சாதா இரும்புக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஸ்பிரிங் கிளிப், 10.9, 12.9 கிரேடு போல்ட் மாதிரி கடினமான எஃகில் புகுந்தால் இழுவிசை வந்தவுடனோ சில மணி நேரம் கழித்தோ படக்கென்று முறியும். பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். எடை குறைவதை அளக்கிற சோதனை இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இன்ஹிபிட்டர்களிலேயே சில, தயோயூரியா மாதிரி, இரும்பு கரைவதைத் தடுத்துவிட்டு ஹைட்ரஜனை உள்ளே தள்ளிவிடும். மருதாணி எந்தக் கட்சி என்று அந்த 91 சொல்லவில்லை. கடினமான ஜாப்பை ஆசிட்டிலேயே போடாதீர்கள், மணல் அடித்துத் துரு எடுங்கள். பிளேட்டிங் ஆன சில மணி நேரத்துக்குள், பாசிவேஷனுக்கு (ஜிங்க்மேல் மெல்லிய காப்புப் படலம் ஏற்றுவது) முன்னால், 190லிருந்து 220 டிகிரிக்குள் ஓவனில் வையுங்கள், குறைந்தது நாலு மணி நேரம். உங்களிடம் ஓவன் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை.


அரிமானம்_படிப்பவள் எழுதியது:

கம்பிக்கார ஐயா எழுதியதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மருதாணியை இவ்வளவு சீக்கிரம் வெளியே அனுப்ப மனசில்லை. நான் அரிமானத் துறையில், அதாவது உலோகம் அரித்துப்போவதைப் பற்றி, ஆய்வு செய்கிற மாணவி. எண்களோடு பழகியவள், தொட்டியோடு இல்லை.

ஏன் எல்லாரும் இலையைப் பிடித்துக்கொண்டு அலைகிறோம் என்றால் பழைய சரக்கு அவ்வளவு மோசம். 1932ல் அமெரிக்காவின் மிச்சிகனில் எண்ணெய்க் கிணற்றுக்குள் ஆசிட் இறக்கியபோது குழாயைக் காப்பாற்ற ஆர்சனிக் கலந்தார்கள். இன்றைக்கு அந்த வேலைக்கு ஓடுகிற ப்ரோபார்ஜில் ஆல்கஹாலும் கடும் விஷம். அண்ணன் போடுகிற ஹெக்சமினும் ஆசிட்டில் அப்படியே நிற்பதில்லை, மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடு வரும். கண் எரிச்சலுக்கு ஆசிட் மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக அளவில் பட்டியலிட்டது.

இலை எப்படிக் காக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிட்டில் நிற்கிற இரும்பின்மேல் முதலில் குளோரைடு போய்ப் படியும். அது எதிர்மின்னூட்டம். சாற்றில் இருக்கிற மூலக்கூறுகள் ஆசிட்டில் நேர்மின்னூட்டம் ஏறி அதன்மேல் போய் உட்காரும். மருதாணியில் லாசோன் என்று ஒன்று இருக்கிறது, கையில் சிவப்பது அதுதான். கூடவே டானின், கேலிக் அமிலம், சர்க்கரை எல்லாம் உண்டு. பந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். போட்ட இலை அத்தனையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் நிற்க வேண்டியதுதான். லிட்டருக்கு 1.2 கிராமை 3 கிராம் ஆக்கினால் காப்பு கூடாமல் அப்படியே நிற்பது அதனால்தான். சூடு ஏறினால் பாதிப் பந்தி எழுந்து போய்விடும். 30 டிகிரியில் 90 காட்டுகிற சாறு 60 டிகிரியில் சரிவதை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அண்ணன் தொட்டி சூடாக்காத தொட்டி.

2009ல் ஈரானிய ஆய்வாளர்கள் மருதாணியையும் அதில் உள்ள லாசோன், கேலிக் அமிலம், குளுக்கோஸ், டானிக் அமிலம் நாலையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1 மோலார் ஆசிட்டில் லிட்டருக்கு 1.2 கிராம் மருதாணிச் சாறு 92 சதவீதம் காட்டியது. தனியாகப் போட்டதில் லாசோன் முதலிடம், டானிக் அமிலம் கடைசி. உங்கள் மகளின் 91 அதற்குப் பக்கத்தில் வருகிறது, அவள் கை சுத்தம் என்று சொல்லுங்கள்.

எங்கள் துறையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை, மருதாணி, வேம்பு என்று வீட்டுக்கொல்லையில் இருக்கிற எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் 90க்கு மேல் வருகிறது. கூடவே ஒட்டும் ஆற்றல் இத்தனை கிலோஜூல் என்று ஒரு கணக்கும் போடுகிறோம். அந்தக் கணக்குக்கு மோல் எண்ணிக்கை வேண்டும், மோலுக்கு மூலக்கூறு எடை வேண்டும். இலைச்சாறு ஒரு கதம்பம், அதற்கு ஏது ஒற்றை எடை? இதை என் வைவாவில் கேட்டால் எனக்கும் சிரமம்தான்.

ஐயா விட்டுவிட்ட ஒன்று உண்டு. அண்ணன் தொட்டியில் துரு கரைந்தால் ஃபெரிக் குளோரைடு வரும். ஃபெரிக் இருக்கிற ஆசிட் இரும்பை வேறு வழியில் தாக்கும். ஹைட்ரஜன் வராது, குமிழி தெரியாது, ஆனால் இரும்பு கரையும். ஹைட்ரஜன் பிறப்பதைத் தடுக்கிற சரக்கு அதன்முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பளபளப்புத் தகட்டுச் சோதனையில் ஃபெரிக்கே கிடையாது. ஆகவே குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். தொட்டியில் ஊற்றும் முன் நாலு பக்கெட்டில் செய்து பாருங்கள், அதில் இரண்டு பக்கெட் உங்கள் பழைய ஆசிட்டாக இருக்கட்டும். தகட்டை அலசியபின் வெள்ளைத் துணியால் துடைத்தும் பாருங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.


பட்டறை_கோவை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பக்கெட்டுப் பரீட்சை முடிந்தது. மகள்தான் முன்னின்று செய்தாள், நான் எடுபிடி. தராசு நகைக்கடைத் தெருவில் பொற்கொல்லர் நண்பரிடம் இரவல், 1 மி.கி. வரை காட்டும். அவர் கடையில் ஆசிட் வாடையோடு நுழைந்ததற்கு நன்றாகத் திட்டு வாங்கினேன்.

தகடு அதே அளவு. ஒரு மணி நேரம். புது ஆசிட், 15 சதவீதம், எதுவும் கலக்காதது: 84 மி.கி. போயிற்று. ஹெக்சமின் போட்டதில் 21. மருதாணி போட்டதில் 19. இதைப் பார்த்ததும் எனக்குக் கொண்டாட்டம். 77 சதவீதம், ஹெக்சமினைவிட இரண்டு புள்ளி மேல். மகள் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் பழைய ஆசிட், தொட்டியிலிருந்து மொண்டது. அதில் துருப்பிடித்த கொக்கி ஒரு கூடை அலசி எடுத்துவிட்டு, உடனேயே தகடு போட்டோம். எதுவும் கலக்காததில் 61. (வீரியம் செத்த ஆசிட் அல்லவா, அதனால்தான் குறைவு என்கிறாள்.) மருதாணி கலந்ததில் 40. ஹெக்சமின் கலந்ததில் 33. அதாவது மருதாணி 34 சதவீதத்துக்கு வந்துவிட்டது. குமிழி என்னவோ கம்மியாகத்தான் இருந்தது. அரிமானம் படிப்பவள் சொன்னதை அப்போதுதான் நம்பினேன், கண்ணுக்கு அமைதியாகத் தெரிகிற பக்கெட்டில் இரும்பு கரைந்துகொண்டிருந்தது.

துருத் தகட்டைச் சுத்தமாக்க எவ்வளவு நேரம் என்றும் பார்த்தோம். வெறும் ஆசிட்டில் 9 நிமிடம், மருதாணியில் 11. அது பெரிய விஷயம் இல்லை.

வெள்ளைத் துணி விஷயம்தான். ஆசிட்டிலிருந்து எடுக்கும்போது தகடு சாம்பல் நிறமாகச் சுத்தமாக இருந்தது. அலசுகிற தண்ணீரில் முக்கினேன். என் கண் முன்னாலேயே ஊதா கலந்த கறுப்பு ஒன்று ஓரத்திலிருந்து நடுப்பக்கம் பரவியது, மை ஊற்றியது போல. பழைய வேட்டித் துண்டால் துடைத்தால் துணி கறுப்பு, தகட்டில் விரல் ரேகை. என் மாமியார் அங்கே நின்றுகொண்டிருந்தார். "தலைக்குப் போடுற மருதாணிய ராத்திரி இரும்புச் சட்டியில ஊற வெச்சா கறுக்கும்னு தெரியாதா, இதுக்கு எம்.எஸ்சி. வேணுமா" என்றார். மகள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன்.

அந்தத் தகட்டுக்கு அப்படியே ஜிங்க் போட்டு, வைஸில் வைத்து மடக்கிப் பார்த்தேன். மடிப்பில் செதில் செதிலாக உரிந்தது.

தொட்டி அடியையும் துழாவினோம். பழைய ஸ்பீக்கர் காந்தம் இரண்டைக் கயிற்றில் கட்டி. முதல் தொட்டியில் 31 கிலோ, இரண்டாவதில் 22. வாஷர்கள் காகிதம் மாதிரி மெலிந்திருந்தன. மச்சான் தலை குனிந்து நின்றான், பேரல் பொறுப்பு அவனுடையது.

ஓவன் இல்லை ஐயா. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.


அரிமானம்_படிப்பவள் எழுதியது:

அண்ணே, அந்தக் கறுப்பு ஏன் ஆசிட்டுக்குள் தெரியவில்லை, தண்ணீரில் தெரிந்தது என்று மகள் கேட்டாளா? டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயையும் இரும்பையும் வைத்துக் கலம்காரித் துணியில் கறுப்பு ஏற்றுகிறார்களே, அதே சமாச்சாரம். கடும் ஆசிட்டில் அந்தக் கூட்டு நிற்காது, பிரிந்தே இருக்கும். தண்ணீரில் அலசி ஆசிட் நீர்த்ததும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தொட்டியைப் பார்த்தால் குற்றமே தெரியாது, அலசுகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஆல்கஹாலில் எடுத்த பசையில் பச்சையமும் மெழுகும் சேர்ந்தே வரும், ஓசூர்க்காரர் பார்த்த மாதிரி வழவழ வளையம் உங்களுக்கும் சீக்கிரம் வந்திருக்கும்.

டானின் குறைவான இலையாகத் தேடலாம், அல்லது சாற்றைப் பிரித்து வேண்டியதை மட்டும் எடுக்கலாம். ஆனால் பிரிக்கிற செலவில் இலை மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகும். இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். மகளுக்கு மேற்கொண்டு படிக்க ஆசை இருந்தால் இந்தப் பக்கெட்டு எண்களை எழுதச் சொல்லுங்கள். 91ஐவிட அந்த 34தான் எனக்குப் படிக்கப் பிடிக்கும். காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிறது, அரிமானத்துக்கென்றே பெரிய பிரிவு உண்டு, மண்டபத்தில் கடல்காற்றில் இரும்பைத் தொங்கவிட்டுச் சோதிக்கிற நிலையம் வைத்திருக்கிறார்கள். அங்கே ப்ராஜெக்ட் கேட்டுப் பார்க்கலாம்.


பழைய_கம்பிக்காரன் எழுதியது:

53 கிலோ! எங்கள் ஆலையிலேயே ஒரு தடவையில் அவ்வளவு எடுத்ததில்லை.

அரிமானம் படிக்கிற அம்மா சொன்னது சரி. நான் இன்னொன்று சேர்க்கிறேன். இலைச்சாற்றுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிளேட்டிங் தொட்டிக்குமுன் நிற்கிற ஆசிட்டில்தான் அதற்கு இடமில்லை. அங்கே கறை ஒரு பொட்டு இருந்தாலும் ஜாப் திரும்பி வரும். பாய்லர் குழாயில் படிந்த சுண்ணாம்பை ஒரே ஒரு தடவை புது ஆசிட் விட்டுக் கழுவி வெளியேற்றுகிற வேலை வேறு. துரு குறைவு, ஆசிட் புதிது, உள்ளே கறுத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கே முயன்று பார்க்கலாம். ஆனால் கழிவை வாங்குகிறவரிடம் முதலில் கேளுங்கள். ஃபெரிக் குளோரைடு தயாரிக்கக் கழிவு ஆசிட்டை எடுக்கிறவர்கள் இலைக் குழம்பு கலந்தால் முகம் சுளிப்பார்கள்.

ஓவன் வாங்கும்வரை ஸ்பிரிங் கிளிப்பும் 10.9ம் எடுக்காதீர்கள். எடுத்த பழைய ஜாப் ஏதாவது கையில் இருந்தால் ஸ்பிரிங் வாஷர் பத்தை ஒரு போல்ட்டில் கோத்து நட் போட்டுத் தட்டையாக இறுக்கி 48 மணி நேரம் விடுங்கள். ஹைட்ரஜன் இருந்தால் தானே டக் டக்கென்று உடையும். ராத்திரியில் சத்தம் கேட்கும்.


பட்டறை_கோவை எழுதியது:

கேட்டது ஐயா. வெள்ளிக்கிழமை மாலை இறுக்கி அலமாரியில் வைத்தோம். சனிக்கிழமை காலை ஷட்டரைத் திறந்தால் பத்தில் மூன்று துண்டு. மச்சான் தன் கையாலேயே எண்ணிப் பார்த்தான்.

ஆசிட்டை 12 சதவீதத்துக்கு இறக்கிவிட்டேன். ஹெக்சமின் இப்போதைக்கு இருக்கிறது, ஆனால் அது ஃபார்மால்டிஹைடு விடுகிறது என்று தெரிந்தபின் அந்த மூலையில் நிற்க மனம் வரவில்லை. தொட்டி ஓரத்தில் காற்று உறிஞ்சும் குழாய் வைக்க ஆள் பார்த்திருக்கிறேன். ஓவனுக்குப் பீளமேட்டில் பழையது ஒன்று விலைக்கு இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போகிறோம். 220 டிகிரி வரை ஏறுகிறதா என்று பார்க்க எதைக் கொண்டு போக வேண்டும், சொல்லுங்கள்.

மருதாணிப் பொடி ஏழு கிலோ மிச்சம் இருக்கிறது. மாமியார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


பழைய_கம்பிக்காரன் எழுதியது:

ஓவன் கதவில் இருக்கிற முள்ளை நம்பாதீர்கள். தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கிற கம்பி) உள்ள மீட்டர் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். நடுவில் ஒரு தடவை, கதவோரம் ஒரு தடவை, பின்மூலையில் ஒரு தடவை வையுங்கள். மூன்று இடத்துக்கும் 15 டிகிரிக்குமேல் வித்தியாசம் இருந்தால் வாங்காதீர்கள். உள்ளே விசிறி சுற்றுகிறதா என்பதையும் காதை வைத்துக் கேளுங்கள்.